கைபட்ட ஹார்ன்

“சுத்தம் மட்டும் பண்ணு. ஒரிஜினல்ல கை வச்சே, அப்புறம் உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்!” அத்தான் தன் பழைய ஜோடி ஹார்ன் ஸ்பீக்கரில் ஒன்றை மெக்கானிக் மச்சானிடம் கொடுத்தபோதே சொல்லிவிட்டார். துடைக்கும்போது கை தவறி உள்ளே அதிரும் மெல்லிய தகடு கிழிந்தது. மெக்கானிக் புதுசு போட்டு, மூச்சு விடாமல் மூடிவிட்டான். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

இன்று அக்கா வீட்டு ஹாலில் ஸ்பீக்கர் இரண்டும் பாடின. தகடு மாற்றியது கணீரென்று ஒலித்தது. உண்மையைச் சொல்லிவிடலாமென்று மெக்கானிக் வாயெடுப்பதற்குள் அத்தான் அவனைக் கட்டிக்கொண்டார்.

“இதுதான்டா ஒரிஜினல் சத்தம்!”

பிறகு கழற்றவே கழற்றாத மற்றதில் காதை வைத்து முகம் சுளித்தார்.

“இதுலதான் எவனோ படுபாவி கை வச்சிருக்கான். எடுத்துட்டுப் போய்ப் பழையபடி ஆக்கிக் கொடு, மச்சான். உன்னைத்தான் நம்பியிருக்கேன்.”