வரிசையில் கடைசி இரண்டு பேர்

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் அவளுக்கு இணையத்தில் மட்டும் தராசக்கா என்று பெயர். நல்ல இணையதளங்களைத் தேடித் துறைவாரியாக அடுக்கிவைக்கும் பெரிய பட்டியல் ஒன்று இருந்தது. சம்பளம் வாங்காத சில நூறு பேர் ஆளுக்கொரு பகுதியைப் பார்த்துக்கொண்டார்கள். தளம் நடத்துகிறவர்கள் விண்ணப்பம் அனுப்புவார்கள். பகுதிக்குப் பொறுப்பானவர் தளத்தைத் திறந்து முழுக்கப் படித்து, தகுதி இருந்தால் இரண்டு வரி விவரம் எழுதிப் பட்டியலில் சேர்ப்பார். அரிய நோய்கள் என்ற பகுதி தராசக்காவின் பொறுப்பு. நான்கு வருடமாக அவள் ஒரே ஒரு ஒழுங்கை விடாமல் பிடித்திருந்தாள்: முதலில் வந்தவர் முதலில். மிரட்டினவர், நைச்சியம் பேசினவர், நாங்கள் எவ்வளவு பெரிய மருத்துவமனை தெரியுமா என்று பீற்றிக்கொண்டவர் எல்லோரும் அவரவர் இடத்தில்தான் நிற்க வேண்டும். அப்படி வந்ததுதான் அந்தப் பட்டப்பெயர்.

பஸ் ஓட்டுகிற அவளுடைய கணவருக்கு இது வேடிக்கை. ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும், சம்பளமில்லாத நீதிபதியம்மாவுக்குக் கோர்ட்டுக்கு நேரமாகிவிட்டதே என்று சொல்லிவிட்டு அவர் பாத்திரம் கழுவப் போவார். அவள் மேசையைத் துடைத்துக் கணினியைத் திறப்பாள். வாரத்துக்குப் பத்துத் தளம். தொடங்குவதற்கு முன் ஒரு நொடி கண்ணை மூடி, என் கையால் யார் மனசும் நோகக் கூடாது ஆண்டவனே என்று வேண்டிக்கொள்வாள். அந்த வேண்டுதல் பலித்துவருவதாகவே நினைத்திருந்தாள்.

அந்த ஞாயிறு மூன்றாவதாக வந்தது ஒரு லேத் பட்டறைக்காரரின் தளம். ஒரே ஒரு பக்கம், எழுத்தெல்லாம் கோணல்மாணல். அவருடைய எட்டு வயது மகளுக்குத் தூங்கி எழுந்தால் கால் இரண்டும் கல்லாகிவிடும். பொழுது ஏற ஏறத்தான் இளகும். மருத்துவர்களிடம் அந்த நோய்க்குப் பெயர்கூட இல்லை. அது மெல்ல மேலே ஏறுகிறது என்றும், மார்பைத் தொட்டால் மூச்சுக்கு ஆபத்து என்றும் மட்டும் சொன்னார்கள். ஒரே ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. இதே போல இன்னொரு பிள்ளை கிடைத்தால் இரண்டு பேர் ரத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம், அப்போது வழி தெரியலாம் என்று பெரிய மருத்துவர் ஒருவர் சொல்லியிருந்தார். அந்த இன்னொரு பிள்ளையைத் தேடித்தான் தகப்பன் அந்தப் பக்கத்தைப் போட்டிருந்தார். ஒரு தொலைபேசி எண்ணும் கொடுத்திருந்தார்.

யோசிக்க ஒன்றுமில்லை, சேர்த்துவிடலாம். விவரம் எழுதப்போனவள், விண்ணப்பத்தின் அடியில் 'முந்தைய குறிப்புகள்' என்ற சின்ன எழுத்தையும் அதன் பக்கத்தில் ஓர் எண்ணையும் பார்த்தாள். தொண்ணூற்றாறு.

இதுவரை அவள் அதைத் திறந்ததே இல்லை. விண்ணப்பத்தைப் பார்த்தால் போதும், பழங்கதை எதற்கு என்று விட்டிருந்தாள். இப்போது திறந்தாள்.

முதல் குறிப்பு ஏழரை மாதத்துக்கு முந்தியது. பார்க்கிறவர் யாரானாலும் என் மகளுக்காக ஒருமுறை படியுங்கள் என்று இருந்தது. மறுநாள் இன்னொன்று: உங்கள் கடிதத்தில் சொன்னபடி மீண்டும் அனுப்புகிறேன். அதற்கு மறுநாளும் அதே. ஒரு நாள் தவறாமல் வந்துகொண்டே இருந்தன. இன்று முழங்காலைத் தாண்டிவிட்டது. இன்று அவளால் பள்ளிக்குப் போக முடியவில்லை. உங்களுக்கு எத்தனை வேலையோ, கோபித்துக்கொள்ளாதீர்கள். கடைசிக் குறிப்புக்கு நான்கு மாத வயது. இனி தொந்தரவு செய்யமாட்டேன் என்று ஒரே வரி. அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

வரிசை நகர்ந்து ஒரு விண்ணப்பம் கைக்கு வர நான்கு மாதம் ஆகும்; ஏழரை மாதத்துக்கு முன்னால் வந்தவர் மூன்று மாதத்துக்கு முன்பே கைக்கு வந்திருக்க வேண்டும். முதலில் வந்தவர் முதலில். அப்படியென்றால் இவர் இவ்வளவு நாள் எங்கே நின்றார்?

பட்டியலின் இயந்திரத்தை, அதாவது அதை நடத்தும் மென்பொருளை, அமைத்தவர் பூட்டண்ணன். பிழைப்புக்கு லிஃப்ட் பழுது பார்ப்பவர். விதிகளை இறுக்கிப் பூட்டியவர் என்பதால் அந்தப் பெயர். அவள் போன் போட்டபோது ஏதோ கட்டிடத்தின் ஒன்பதாவது மாடியில் இருந்தார். கேள்வியைக் கேட்டதும் சாவகாசமாக விளக்கினார்.

"அதே தளத்தை மறுபடி அனுப்பினா, பழைய தேதி அழிஞ்சு புதுத் தேதி விழும்க்கா. வரிசையில கடைசிக்குப் போயிடுவாங்க. ஒரே ஆள் பத்துத் தடவை அனுப்பி பத்து இடம் பிடிக்கக் கூடாதுன்னு நான்தான் வச்சேன். உங்களுக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன்."

அவளுக்குத் தெரியாது. மறுபடி அனுப்பினால் ஒரு நினைவூட்டலாகப் பக்கத்தில் நிற்கும் என்றுதான் எண்ணியிருந்தாள்.

"அப்ப அந்தக் கடிதம்?" என்றாள்.

விண்ணப்பம் அனுப்பியவர்களுக்குத் தானாகப் போகும் கடிதத்தை இரண்டு வருடத்துக்கு முன் திருத்தி எழுதியது அவள்தான். அதுவரை 'பெற்றுக்கொண்டோம்' என்று கட்டை மாதிரி ஒரு வார்த்தை போய்க்கொண்டிருந்தது. நோயாளி வீட்டுக்குப் போகிற கடிதம் இப்படியா இருக்கும் என்று மனசு கேட்காமல் இரண்டு வரி சேர்த்தாள். மனம் தளர வேண்டாம். உங்கள் தளம் இன்னும் சேரவில்லையென்றால் தயங்காமல் மீண்டும் அனுப்புங்கள். பூட்டண்ணனுக்கு அனுப்பிக் காட்டினாள். அவரும், அம்மா பேசுற மாதிரி இருக்குக்கா என்று பாராட்டி ஏற்றிவிட்டார். இயந்திரம் என்ன செய்யும் என்று அவள் பார்க்கவில்லை. வார்த்தை என்ன செய்யச் சொல்கிறது என்று அவர் பார்க்கவில்லை.

அவள் சொல்லை நம்பியவர்களெல்லாம் ஒவ்வொரு நாளும் தாங்களாகவே கடைசிக்குப் போனார்கள். நம்பிக்கை விட்டவர்கள் மட்டும் மெல்ல நகர்ந்து முன்னால் வந்தார்கள். இந்தத் தகப்பன் இன்று அவள் கைக்கு வந்ததே, நான்கு மாதத்துக்கு முன்னால் ஏதோ ஒன்று அவரை நிறுத்திவிட்டது என்பதால்தான். அந்த ஏதோ ஒன்று என்னவாக இருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில் மனிதர் தூங்கிவிடுவதுண்டு. அவள் இரண்டு வருடம் தூங்கியிருந்தாள்.

அப்படியென்றால் இப்போது கடைசியில் யார் நிற்கிறார்கள்? நான்கு வருடத்தில் முதல் தடவையாக அவள் பட்டியலைக் கீழேயிருந்து பார்த்தாள்.

கடைசி விண்ணப்பம் அன்று காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு வந்தது. அனுப்பியவர் சலவைக் கடையில் துணி தேய்க்கும் ஒரு பெண். முந்தைய குறிப்புகள் இருநூற்றுப் பதினொன்று. தளத்தைத் திறந்தாள். முதல் வரியைப் படித்தாள்.

என் மகனுக்கு ஆறு வயது. தூங்கி எழுந்தால் கால் கல்லாகிவிடுகிறது.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கணவர் எதையோ உணர்ந்து ஈரக்கையோடு வந்து நின்றார். அவள் திரையைக் காட்டினாள். இரண்டு பக்கங்களின் தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். மூன்று மாத காலம், தினமும் விடிந்ததும் பட்டறைக்காரர் அனுப்பியிருக்கிறார். சில நிமிடம் கழித்து அந்தத் தாய். வரிசையின் கடைசி இரண்டு இடங்களில், ஒருவரை ஒருவர் தேடிக்கொண்டு, அடுத்தடுத்து நின்றிருக்கிறார்கள். நடுவில் ஒரு கோடுதான்.

"பக்கத்துப் பக்கத்துலயா?" என்றார் கணவர். வாய் திறந்தபடி இருந்தது. அவர் அவளைக் கேலி செய்யாத ஞாயிறு அதுதான்.

பட்டியலில் வேலை செய்கிறவர்கள் விண்ணப்பித்தவர்களோடு நேராகப் பேசக் கூடாது என்று ஒரு விதி உண்டு. பேசினால் சிபாரிசு வரும், சண்டை வரும், அன்பளிப்பு வரும் என்று பூட்டண்ணனே வைத்த விதி. அவள் மறுபடி அவருக்குப் போன் செய்து பார்த்ததைச் சொன்னாள்.

"பேசுங்கக்கா," என்றார். "விதியை நான் பார்த்துக்கிறேன். அந்தக் கடிதத்தை இப்பவே எடுத்துடறேன். மத்தவங்க பகுதியிலயும் கீழே இருந்து பார்க்கச் சொல்றேன்." அப்புறம் தணிந்த குரலில், "சீக்கிரம் பேசுங்க" என்றார்.

பட்டறைக்காரரின் எண்ணை அழுத்த அவளுக்கு விரல் வரவில்லை. நான்கு மாதம். எடுப்பவரிடம் முதல் வார்த்தை என்னவென்று கேட்பது? குழந்தை எப்படி இருக்கிறாள் என்று எந்தத் தைரியத்தில் கேட்பது? கணவர் போனை வாங்கி எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியைப் போட்டு மேசையில் வைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"ஹலோ, அப்பா லேத்துல இருக்கார். சத்தத்துல காது கேக்காது. நீங்க யாரு?"

சிறுமியின் குரல். தராசக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா மூச்சா என்று அவளுக்கே தெரியவில்லை. கணவர்தான், ஒரு பட்டியல்ல இருந்து பேசறோம் பாப்பா, உங்கப்பா அனுப்பினது இப்பதான் கைக்குக் கிடைச்சுது என்றார்.

"அதுவா. அனுப்ப வேணாம்னு நான்தான் சொன்னேன். தினமும் அனுப்பிட்டு அப்பா கக்கூஸ்ல போய் அழுவாரு. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்குவாரு." கொஞ்சம் நிறுத்தி, "இப்ப இடுப்பு வரைக்கும் வந்திருச்சு அங்கிள், மத்தியானம் ஆனாலும் சரியா இளகறதில்ல. அப்பாவைக் கூப்பிடறதுக்குள்ள நேரமாகும், நான் சுவரைப் பிடிச்சுத்தான் போகணும். வைச்சிடாதீங்க" என்றாள்.

வைக்கமாட்டோம் என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். மேசையில் கிடந்த போனிலிருந்து சுவரில் கை உரசும் ஒலியும், கால் இழுபடும் ஒலியும், நெருங்கி வரும் இயந்திர இரைச்சலும் கேட்டன. கணவர் தன் போனிலிருந்து, தளத்தில் இருந்த எண்ணில் அந்தத் தாயை அழைத்து விஷயத்தைச் சொன்னார். அந்தத் தாய் கடைசி வரை கேட்பதற்குள்ளாகவே கையிலிருந்த இஸ்திரிப்பெட்டியை எங்கோ வைக்கும் சத்தம் வந்தது. இரண்டு போனையும் முகத்துக்கு முகம் பார்த்தபடி மேசையில் வைத்தார்கள்.

லேத் நின்றது. தகப்பன் மூச்சு வாங்க, யாருங்க என்றார். தராசக்கா மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அந்தத் தாய் முந்திக்கொண்டாள்.

"அண்ணே, உங்க பொண்ணுக்கு விடிகாலையில கால்ல முதல்ல எது கல்லாகும்? பெருவிரலா, குதிகாலா?"

"குதிகால்," என்றார் அவர். "இடது குதிகால்."

"இவனுக்கும் இடதுதான்ணே."

அதற்கப்புறம் இரண்டு பக்கமும் பேச்சு வரவில்லை. அந்தரங்கமான இடத்தில் நிற்கிறோம், விலகிவிட வேண்டும் என்று தராசக்காவுக்குத் தோன்றியது. ஆனால் எந்தப் போனையும் தொட அவளுக்குத் தைரியமில்லை. தொட்டால் எங்கே அறுந்துவிடுமோ என்றிருந்தது. கணவரின் ஈரக்கையை இறுகப் பிடித்துக்கொண்டு, இரண்டு பேர் மூச்சு விடுவதைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தாள்.