மரத்தட்டின் எடை

இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வாங்க, கண்ணுகளா, காலை நீட்டி வசதியாக உட்காருங்க. ஒருத்தி தராசின் மேல் ஏறி இறங்கிய கதையைச் சொல்கிறேன். சின்னக் கதைதான், ஆனால் அவள் மனசுக்குள்ளிருந்தே சொல்லப்போகிறேன், அங்கே கொஞ்சம் சூடாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்க.

…மூட்டை நிறுக்கிற இடத்துக்கு அனுப்பிவிட்டார்களே, ஒரு மனுஷியை, என்று நூறாவது தடவையாக நினைத்தபடி பார்சல் கிடங்கின் வாசலில் மூச்சு வாங்க நின்றாள் அவள், ஆஸ்பத்திரித் தராசு நூற்றைம்பது கிலோவோடு நின்றுவிடுமாம், அதற்கு மேலே வெறும் கோடுதான் காட்டுமாம், நர்ஸ் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு, "பக்கத்துத் தெருக் கிடங்குல ஏறி நின்னு எடைச்சீட்டு வாங்கிட்டு வந்துடுங்க, எல்லாரையும் அங்கதான் அனுப்பறோம்" என்றாள்… எல்லாரையுமா? அப்படியென்றால் என்னைப் போல எத்தனை பேர்? அத்தனை பேர் வருவது தெரிந்தும் ஒரு பெரிய தராசு வாங்கத் தோன்றவில்லையா உங்களுக்கு? பித்தப்பை நிறையக் கல், இரண்டு தடவை தள்ளிப்போன ஆபரேஷன், மேஜை நூற்றறுபது கிலோதான் தாங்குமாம், மயக்க மருந்தும் எடையைப் பார்த்துத்தானாம், நூற்றறுபதுக்குள் இருந்தால் இந்த வெள்ளிக்கிழமை, தாண்டினால் "குறைச்சிட்டு வாங்க". குறைச்சிட்டு வாங்களாம்! தலைமுடியைக் குறைத்துக்கொண்டு வருகிற மாதிரி.

எடைக்காரர் தராசில் இருந்த அட்டைப்பெட்டி அடுக்கை அதன் அடியில் இருந்த மரத்தட்டோடு உருட்டி இறக்கினார், "ஏறுங்கம்மா, யானையே நிக்கலாம்" என்றவர் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார், கூட வந்திருந்த தங்கை அவரை முறைத்த முறைப்பில் பெட்டிகளே எரிந்திருக்கும். ஏறும்போது பார்த்தாள், சிவப்பு எண்களுக்கு முன்னால் ஒரு மைனஸ் குறி, மைனஸ் பதினாலு… தராசுக்கே என்னைப் பார்த்ததும் புத்தி கலங்கிவிட்டது. பிறகு வழக்கம்போலக் கண்ணை இறுக மூடி, வயிற்றை எக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டாள். "அசையாம நில்லுங்கம்மா, நம்பர் ஆடுது." ஆடட்டும், பன்னிரண்டு வருஷமாக அசையாமல்தானே உட்கார்ந்திருக்கிறேன், சுங்கச்சாவடிக் கண்ணாடிக் கூண்டுக்குள், ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி, தூக்கம் எந்த வேளையில் வரவேண்டும் என்று உடம்புக்கே மறந்துபோனது, ஓய்வறையில் தண்ணீர்க் குழாய் கெட்டு ஆறு மாசம், எழுதிக் கொடுத்தால் "பாக்கலாம்", ஆனால் குளிர்பானக் கம்பெனி வைத்த குளிர்ப்பெட்டி மட்டும் ஒரு நாளும் கெட்டதில்லை, தாகத்துக்கு அதைத்தான் குடித்தோம், பசிக்கு அதன் பக்கத்தில் தொங்கிய சிப்ஸ் பொட்டலம், பத்து நிமிஷ இடைவேளையில் வேறு எதைத் தின்ன? அப்புறம் சர்க்கரை வந்தது, ரத்தக்கொதிப்பு வந்தது, முழங்கால் போனது, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று தங்கை என் பக்கத்திலேயே படுத்து இடித்து இடித்து எழுப்புகிறாள். "வாயக் கட்டு." மாமியார், டாக்டர், மேலதிகாரி, எதிர்வீட்டுக்காரி, எல்லாருக்கும் ஒரே மந்திரம். "நடங்க." எங்கே நடக்க, லாரிச் சக்கரத்துக்கும் சாக்கடைக்கும் நடுவிலா? நான் பார்த்திருக்கிறேன், வேலைக்குச் சேர்ந்த புதிதில் கார் ஜன்னலில் நீண்ட கைகளையும் இப்போது நீள்கிற கைகளையும், மோதிரம் கழற்ற முடியாமல் புதைந்த விரல்கள், வயிற்றில் இடிக்கிற ஸ்டியரிங், பின்சீட்டில் சின்னக் குழந்தைகளுக்கே கழுத்து தெரியவில்லை… நான் ஒருத்தி வாயைக் கட்டவில்லை, சரி, இந்த ரோடு மொத்தமுமா வாயைக் கட்டவில்லை?

"நூத்தியம்பத்தேழு" என்றார் எடைக்காரர்.

"அக்கா! மூணு கிலோ மிச்சம்!" தங்கை அவள் கையைப் பிடித்துக் குலுக்கினாள். வெள்ளிக்கிழமை, வெள்ளிக்கிழமை… விலா எலும்புக்கடியில் கத்தி திருகுகிற வலி இனி இல்லை, சீட்டை மடித்து உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு வாசல்படிவரை வந்தவள் என்னவோ திரும்பிப் பார்த்தாள். எடைக்காரர் அடுத்த சரக்குக்காகத் தராசில் ஒரு வெறும் மரத்தட்டை வைத்துக்கொண்டிருந்தார். சிவப்பு எண் பூஜ்யம் காட்டியது. அத்தனை பெரிய மரத்தட்டுக்குப் பூஜ்யமா? ஓ… அந்த மைனஸ் பதினாலு. தட்டின் எடையைக் கழித்துக் காட்டும்படி வைத்ததை அவர் மாற்றவே இல்லை, என்னிடமிருந்தும் பதினாலைக் கழித்திருக்கிறது, நூற்றைம்பத்தேழும் பதினாலும்… நூற்றெழுபத்தொன்று.

சொன்னதும் தங்கை காதோடு சீறினாள், "வாய மூடிட்டு வா அக்கா. தானா வந்தத ஏன் விடணும்? ராத்திரி நீ துடிக்கிறதப் பாக்குறது நான்தானே?"

"மேஜை சாஞ்சா? மருந்து பத்தாம பாதியில முழிச்சிட்டா?"

தங்கையின் கையை விடுவித்துக்கொண்டு அவள் தராசுப் பக்கம் திரும்பி நடந்தாள், முழங்கால் கரகரவென்றது, அதைவிட அதிகமாக நெஞ்சு, யார் உங்களைக் கழிக்கச் சொன்னது, இத்தனை வருஷமாக ஆளாளுக்குக் கழித்தது போதாதா, தூக்கத்தைக் கழித்தார்கள், குழாய்த் தண்ணீரைக் கழித்தார்கள்…

"அய்யா, தட்டோட எடைய மறந்து விட்டீங்களா, இல்ல பாவம்னு தெரிஞ்சே விட்டீங்களா?"

எடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பூஜ்யத்துக்குக் கொண்டாங்க. ஒரு கிலோகூடக் குறையக் கூடாது. அந்தச் சீட்டக் கொண்டுபோய் டாக்டர் முன்னால வெச்சு, என்னைத் தாங்குற மேஜை எங்கன்னு கேக்கப்போறேன். மேஜை வர்ற வரைக்கும் அங்கிருந்து நகர மாட்டேன்."

கேட்டால் கிடைக்குமா? வெள்ளிக்கிழமை போய்விடுமா? தெரியவில்லை… மரத்தட்டை இறக்கிவிட்டு அவர் பொத்தானை அழுத்தினார், பூஜ்யம், அவள் ஏறினாள், எண்கள் ஆட ஆரம்பித்தன, அப்போதுதான் உறைத்தது, கண்கள் திறந்திருக்கின்றன, மூச்சு தன்பாட்டுக்குப் போய்வருகிறது. அதைப் பிடித்துவைத்தால் எடை குறையாதே, அப்புறம் ஒவ்வொரு தராசிலும் யாருக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்?

அவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் வீட்டுக் குழாயில் நல்ல தண்ணீர் வரட்டும், வாசலைத் தாண்டினால் பயமில்லாமல் நடக்க வழி இருக்கட்டும், ராத்திரித் தூக்கம் ராத்திரியே வரட்டும், உங்கள் வீட்டில் பிறந்தவர்களையும் வந்தவர்களையும் யாரும் ஒரு கிலோகூடக் கழிக்காமல் முழுசாக வைத்துக்கொள்ளட்டும்.