ஒரு மூடி டீ

இயந்திரம் கத்தத் தொடங்கிய மறுநொடி ஹேமாவதி கட்டிலின் அந்தப் பக்கம் பாய்ந்திருந்தாள். எங்கே கழன்றது? கணவர் கர்ணனின் மூக்கிலிருந்து இறங்கிவரும் மெல்லிய குழாய், இயந்திரத்தின் தடித்த குழாயோடு சேரும் இடத்தில் ஒரு விரல்கடை இடைவெளி. இரண்டையும் சேர்த்து உள்ளங்கைக்குள் இறுக்கிப் பிடித்தாள்.

"எப்சிபா! ஏத்தா எப்சிபா!"

நர்ஸ் எப்சிபா ஓடிவந்து இணைப்பைத் திருகி, மேலே பிளாஸ்திரி சுற்றினாள். கத்தல் நின்றது.

"அக்கா, பேசாம நீங்க இங்கனயே வேலைக்குச் சேந்துருங்க. என் யூனிபாரத்தத் தர்றேன்."

"உன் யூனிபாரம் என் ஒத்தக் கைக்குத்தான்டி பத்தும்."

கர்ணனுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்போடு வாயில் ஊறிய எச்சிலைத் தட்டில் துப்பினார். எச்சிலைக்கூட விழுங்கக் கூடாது. அறுவை முடிந்து இன்றோடு இருபத்தெட்டு நாள்.

கம்பத்திலிருந்து மேலே ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் அவருடையது. இருபத்திரண்டு வருட ஓட்டம். தேனியில் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தபோது வெறும் நெஞ்செரிச்சல் என்றுதான் நினைத்தார்கள். உணவுக்குழாயில் கட்டி. அதை வெட்டி எடுத்துவிட்டு, இரைப்பையையே குழாய்போல ஒடுக்கி மேலே இழுத்துத் தைத்தார்கள். ஏழாம் நாள் காய்ச்சல் கொதித்தது. தைத்த இடத்தில் ஓட்டை. முன்பென்றால் மறுபடி நெஞ்சைத் திறந்திருப்பார்கள். டாக்டர் வினோத்ராஜ் திறக்கவில்லை. வாய்வழியாகக் கேமராக் குழாயை இறக்கி, ஓட்டைக்குள் விரல் நீளத்துக்கு ஒரு பஞ்சை வைத்தார். பஞ்சோடு சேர்ந்த குழாய் மூக்கு வழியே வெளியே வந்து இயந்திரத்தில் முடியும். இயந்திரம் இழுக்க இழுக்கச் சீழ் வெளியேறும், புண் சுருங்கும். நாலு நாளைக்கு ஒருமுறை பஞ்சை மாற்ற வேண்டும். சாப்பாடு, வயிற்றில் போட்ட துளை வழியாக.

இன்று எடுக்கப்போவது ஐந்தாவது பஞ்சு.

"மூடியிருக்கும்னு நம்புறேம்மா" என்றார் டாக்டர், ஸ்ட்ரெச்சர் கிளம்பும்போது. "மூடலைன்னா உள்ள ஒரு வலைக்குழாய் வச்சுப் பாப்போம். அதுவும் நிக்கலைன்னா நெஞ்சைத் திறக்கணும். இப்ப இருக்கிற உடம்புக்கு அது…"

கதவு மூடிக்கொண்டது.

ஹேமாவதி வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். உட்கார முடியவில்லை, எழுந்தாள். அந்த ஓட்டையைப் போட்டது யார் என்று இந்தக் கட்டிடத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அறுவை முடிந்த ஐந்தாம் நாள். கர்ணனோடு ஜீப் ஓட்டும் பொன்னுராஜ் பார்க்க வந்தபோது ஒரு பிளாஸ்க்கை நீட்டினான். கம்பமெட்டு மலைப்பாதை ஏறியதும் இருக்கும் மலையாளச் சேட்டன் கடை டீ. "மதினிக்குத்தான்" என்று கண்ணடித்துவிட்டுப் போனான். கர்ணன் தினமும் விடியுமுன் முதல் நடை ஏறியதும் குடிக்கும் டீ அது. மூடியைத் திறந்ததுமே அறை முழுக்க ஏலக்காய் மணம். "மோந்து மட்டும் பாக்குறேன் புள்ள" என்றார். முகர்ந்தார். பிறகு எதுவும் கேட்கவில்லை, அவளைப் பார்த்தார். அவ்வளவுதான். கேட்டிருந்தால் மறுத்திருப்பாள். மூடியில் பாதி ஊற்றிக் கொடுத்தாள். அவர் அதை வாயில் கவிழ்த்த நேரத்தில் வாசலில் நர்ஸ் சீட்டை நீட்டினாள், மருந்துக் கடைக்கு உடனே போகச் சொல்லி. கீழே நீண்ட வரிசை. திரும்பிவந்தபோது அவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நல்லாருந்துச்சா?" என்று காதோடு கேட்டாள். தலையாட்டினார். அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

இரண்டே நாள். காய்ச்சல். "வாய்வழியா ஏதாச்சும் குடுத்தீங்களா?" என்று டாக்டர் கேட்டார். "இல்லீங்க டாக்டர்." இவ்வளவு வேகமாக அவள் எந்தப் பொய்யும் சொன்னதில்லை.

அதன்பிறகு கர்ணன் கண்ணெதிரே அவள் சாப்பிடவில்லை. மாடிப்படித் திருப்பத்தில் நின்றபடி இட்லியை விழுங்கிவிட்டு, சட்னி வாசனை போகச் சோப்புப் போட்டுக் கை கழுவுவாள். அவர் தினமும் விடியலில் விழித்து, "பொன்னுராஜ் இந்நேரம் மெட்டு ஏறிருப்பான்" என்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். அந்த ஒரு வரி தினமும் அவளை அறுக்கும். வீட்டு வாசலில் ஜீப் வந்து நின்று, "ஏ புள்ள" என்று அவர் கூப்பிடும் குரலை இன்னொரு தடவை கேட்டுவிட்டால் போதும் என்றிருந்தது.

கதவு திறந்தது. டாக்டர் முகக்கவசத்தை இறக்கினார்.

"மூடிருச்சும்மா."

கைப்பேசியில் படம் காட்டினார். ஓட்டை இருந்த இடத்தில் ரோஸ் நிறத்தில் புதுச் சதை. "நாளைக்கு மருந்து குடிக்க வச்சு எக்ஸ்ரே எடுப்போம். எங்கயும் கசியலைன்னா ஸ்பூன்ல தண்ணி குடுக்கலாம்."

கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே ஓடியிருக்கலாம். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் கும்பிட்ட கை இறங்கவில்லை.

"டாக்டர், அன்னைக்கு நான் பொய் சொன்னேன். அஞ்சாம் நாளு ஒரு வாய் டீ குடுத்துட்டேன்."

டாக்டர் கைப்பேசியைப் பைக்குள் வைத்தார்.

"எதுவுமே குடிக்காதவங்களுக்கும் கசியும்மா. உங்க டீயாலதான்னு சொல்ல மாட்டேன். இல்லவே இல்லைன்னும் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா கேட்டப்பவே சொல்லியிருக்கணும்."

அவர் போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மயக்கம் தெளிந்து அறைக்குக் கொண்டுவந்தபோது கர்ணனின் முகத்தில் குழாய் இல்லை. மூக்கோரம் பிளாஸ்திரி ஒட்டிய இடம் மட்டும் வெளுத்திருந்தது. இயந்திரம் இல்லாத அறை அவளுக்குப் பழகவில்லை.

"ஏங்க… எல்லாத்துக்கும் நான்தாங்க காரணம். அந்த டீயக் குடுத்து நான்தான் உங்களக் கெடுத்துட்டேன்."

"எந்த டீ?" குரல் கரகரத்தது.

"பொன்னுராஜ் கொண்டாந்தது. நீங்க குடிச்சீகல்ல. அதுலதான் தையல் பிச்சுக்கிருச்சு."

அவர் அவளையே பார்த்தார்.

"கூறுகெட்டவளே. இத்தன நாளா இதத்தான் சொமந்துக்கிட்டுத் திரிஞ்சியா? நான் எங்க குடிச்சேன்?"

"வாய்ல ஊத்துனீக. என் கண்ணால பாத்தேன்."

"ஊத்துனேன். முழுங்கல. டாக்டரு வேணாம்னு சொன்னாகல்ல."

"பெறகு ஏன் சொல்லல?"

"ஆசையா குடுத்துட்டு, நல்லாருந்துச்சான்னு வேற கேட்ட. என்னத்தச் சொல்ல?"

"அப்ப… உடனே துப்பிட்டீகளா?"

கர்ணன் சன்னல் பக்கம் திரும்பினார். வெளியே மலை வெயிலில் தெளிவாகத் தெரிந்தது.

"துப்பத்தான் தட்டத் தூக்குனேன். மனசு வரல புள்ள. நீ கீழ வரிசையில நின்னு வர அரை மணியாச்சுல்ல? உன் செருப்புச் சத்தம் கேக்குற வரைக்கும் வாய்லயே வச்சிருந்தேன். ஆறி, பச்சத் தண்ணியாயிருச்சு. அப்பவும் மனசில்லாமத்தான் துப்புனேன்."

சொல்லிக்கொண்டே, எந்தப் பக்கம் வைத்திருந்தார் என்று காட்டுவதற்காக இடது கன்னத்தை மெல்ல உப்பவைத்தார்.