தானாக நகர்ந்த அம்பு

1

இந்தக் கதை என்னுடையதல்ல. பாலாவியில் கத்தரினாவின் அச்சகத்தில் என் முதல் சிறுகதைத் தொகுப்புக்குக் கணினியில் பக்கம் கட்டிக்கொண்டிருந்தாள் ஸும்ரா. பாதிப் புத்தகம் முடிந்த ஒரு நாள் கதிரையைத் திருப்பி என்னைப் பார்த்துக் கேட்டாள்: "உங்கட கதையில வாற பொம்பிளையள் ஒருத்தருக்கும் வேலை ஒண்டும் இல்லையா மிஸ்? எல்லாரும் ஜன்னலுக்கால பாத்துக்கொண்டே இருக்காங்க."

எனக்குக் கோபம் வந்தது. உமக்கு மட்டும் இந்த வேலை எப்படி வந்தது என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்ன பதில் பல நாட்கள் நீண்டது. எழுதலாமா என்று கேட்டபோது பெயரை மாற்றச் சொன்னாள். மாற்றியிருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "கடலேரியில் சூரியன் சாய்ந்துகொண்டிருந்த வேளையில் ஸும்ரா கணினியின் முன்னால்"

(நிறுத்திவிட்டேன். அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது.)

இரண்டாவது தொடக்கம்: "தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் குடும்பமொன்றில் பிறந்த"

(இதையும் நிறுத்தினேன். இப்படித் தொடங்கினால் நீங்கள் ஏற்கெனவே பழகிய துக்கமொன்றை எடுத்து வைத்துக்கொண்டு வாசிப்பீர்கள். அவளுடையது வேறு.)

மூன்றாவது: ஸும்ராவின் கணவன் முஆஸ், கல்யாணமான அடுத்த வருடம் கட்டாருக்குப் போனான். யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. டோஹாவில் ஒரு கம்பனியின் கணினிப் பிரிவில் வேலை. கரைத்தீவு வீட்டில் மனைவியும் தாய் றஹ்மத் உம்மாவும் மட்டும். போவதற்கு முன் ஒரு பழைய மேசைக் கணினியை வாங்கி வைத்தான். அதில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டான். வைரஸ் வராது, சும்மா கிடைக்கும், புரோகிராம்களும் சும்மா என்று பெருமையாகச் சொன்னான்.

இது பரவாயில்லை. இதிலிருந்து தொடர்கிறேன்.

3

படத்தோடு கதைக்கும் புரோகிராம்தான் அவள் முதலில் போட வேண்டியிருந்தது. முஆஸ் தொலைபேசியில் சொல்லச் சொல்ல அவள் செய்தாள். மென்பொருள் நிலையம் என்றொரு ஜன்னல் திறந்தது. (பாருங்கள், ஜன்னல் என்ற சொல் என்னை விடுவதாக இல்லை.) அதில் பெயரைத் தட்டினால் பட்டியல் வரும், பிடித்ததை அமத்தினால் பாஸ்வேர்ட் கேட்கும், கொடுத்தால் ஒரு கோடு மெல்ல நிறைந்து புரோகிராம் வந்து உட்காரும். ஆனால் அவன் கேட்டது பட்டியலில் இல்லை. புரோகிராம்கள் வைத்திருக்கும் வேறொரு களஞ்சியத்தைச் சேர்த்தால்தான் வரும் என்றான். ஒரு பின்னேரம் முழுவதும் அதற்குப் போனது. கடைசியில் அவன் முகம் திரையில் வந்தபோது றஹ்மத் உம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாராம்.

அடுத்த நாள் ஸும்ரா தனியாக அந்த நிலையத்தைத் திறந்தாள். எதைத் தேடுவதென்று தெரியாமல், வரைதல் என்ற ஆங்கிலச் சொல்லைத் தட்டினாள். பக்கம் பக்கமாக வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு படம், யாரோ எழுதிய நாலு வரி, நட்சத்திரங்கள். அவளுக்கு அதுவரை யாரும் இவ்வளவு சாமான்களை முன்னால் பரப்பி, எது வேண்டுமோ எடு என்று சொன்னதில்லை. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள், சரிவராததைக் கழற்றினாள். சில திறக்கவேயில்லை. சிலவற்றில் தமிழ் எழுத்து கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாகச் சிதறியது. கடைசியில் ஒன்று சரியாக வந்தது. கோட்டை இழுத்தால் வளையும், வளைவை இழுத்தால் பூவாகும். பக்கத்து வீட்டு நிக்காஹ்வுக்கு அழைப்பிதழ் செய்தாள். பிறகு இன்னொரு வீட்டுக்கு.

இந்த இடத்தில் கதையை முடித்திருந்தால் நல்ல கதை.

4

முஆஸ் முதலில் சந்தோஷப்பட்டான். பிறகு, இவ்வளவு புரோகிராம்களை நீ தனியாகப் போடுவது எனக்குப் பயமாக இருக்கிறது, நான் இங்கிருந்தே பார்த்துப் போட்டுத் தருகிறேன் என்றான். தூரத்திலிருந்து ஒரு கணினியைத் திறந்து வேலை செய்ய ஒரு புரோகிராம் இருந்தது. அதை அவளே தேடிப் போட்டாள். அமைப்புப் பக்கத்தில் ஒரு சிறு பெட்டிக்குள் சரி அடையாளம் இருந்தது. ஒவ்வொரு தடவையும் யாரும் உள்ளே வருமுன் உங்களிடம் அனுமதி கேட்கப்படும் என்று அதன் பக்கத்தில் எழுதியிருந்தது.

"ஒவ்வொரு தடவையும் நீ அடுப்படியில இருந்து ஓடிவந்து ஓம் எண்டு அமத்த ஏலுமா? அந்த டிக்க எடு" என்றான்.

எடுத்தாள்.

(என் கையெழுத்துப் பிரதியில் இந்த இடத்தில் ஒரு பந்தி இருந்தது. அவள் தயங்கினாள், விரல் நடுங்கியது என்றெல்லாம். வாசித்துவிட்டு அதை வெட்டச் சொன்னாள். தயங்கவேயில்லையாம். வேறு வேலை இருந்ததாம்.)

அதன் பின் வந்த மாதங்களில் முஆஸ் நல்ல கணவனாக மாறினான். தாத்தாவுக்குச் சுகமில்லை என்று அவள் கணினியில் ஒரு சிநேகிதிக்கு எழுதினாள்; அவனிடம் சொல்லுமுன்பே எப்படியிருக்கிறார் என்று கேட்டான். செய்துகொண்டிருந்த அட்டையின் பச்சை கொஞ்சம் கூடிவிட்டது என்றான். தன் மனம் அவ்வளவு தூரத்திலிருந்தும் அவனுக்குத் தெரிகிறது என்று அவள் நினைத்தாள். இதை என்னிடம் சொல்லும்போது சிரித்தாள். அந்தச் சிரிப்பை எழுத எனக்குத் தெரியவில்லை.

5

அழைப்பிதழ் ஒன்று அச்சுக்குப் போன இடத்தில் கத்தரினா அதைப் பார்த்துவிட்டாள். கீறியது யார் என்று விசாரித்து, விருப்பமென்றால் வேலைக்கு வரலாம் என்று சொல்லியனுப்பினாள். நண்பகல் ளுஹர் தொழுதுவிட்டு ஸும்ரா கணினியில் பதில் எழுத உட்கார்ந்தாள். இரண்டு வரி எழுதியிருப்பாள். மவுஸின் அம்பு அசைந்தது.

தூசியாக்கும் என்று கையை எடுத்தாள். கையை எடுத்த பிறகும் அம்பு போனது. நேராகப் போய்க் கத்தரினாவின் பெயரைப் பிடித்துக் கறுப்பாக்கியது. கடிதத்தின் அடியில் எழுத்துக்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின.

ஆரு இது

அவள் கதிரையைப் பின்னால் தள்ளினாள். பிறகு திரும்ப இழுத்துக்கொண்டு வந்து, அதற்குக் கீழே தட்டினாள்.

எப்ப இருந்து பாக்கிறீங்க?

அம்பு அடுத்த வரிக்கு இறங்கியது. பிறகு வந்தது.

முதல் நாள்ல இருந்து

கடிதம் மூடிக்கொண்டது. சேமிக்கவா என்று கணினி கேட்டது. அம்பு வேண்டாம் என்பதை அமத்தியது.

அன்றைக்கே அவள் அந்தப் புரோகிராமைக் கழற்றினாள். முஆஸ் தொலைபேசியில் கத்தவில்லை. தாயிடம் கொடுக்கச் சொன்னான். றஹ்மத் உம்மா கேட்டுவிட்டு, "புருஷன் பொஞ்சாதிக்குள்ள மறைக்கிறதுக்கு என்ன மகள் இருக்கு?" என்றார். அவருக்கு அது உண்மையாகவே விளங்கவில்லை. அகதி முகாமில் ஒரு தறப்பாள் கூடாரத்துக்குள் இரண்டு குடும்பமாக வருடக்கணக்கில் இருந்தவர் அவர்.

6

முஆஸைப் பற்றி ஒரு பிரச்சினை எனக்கு இருக்கிறது. முதற் பிரதியில் அவனை வில்லனாக்கியிருந்தேன். மெல்லிய உதடு, அடங்கிய குரல், எல்லாம் கொடுத்திருந்தேன். ஸும்ராதான் மறுத்தாள். அவன் பின்னர் அவளிடம் சொன்னதைச் சொன்னாள்: அங்கே ஒரு அறையில் பலரோடு படுக்கை. வேலை முடிந்து வந்து இவள் பூக் கீறுவதைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிடுவானாம். அந்தத் திரை இல்லாவிட்டால் தனக்கு வீடே இல்லையாம்.

இதை வைத்து ஒரு முடிவு எழுதினேன். அவள் அதைக் கேட்டு இளகி, கழற்றிய புரோகிராமைச் சரி அடையாளத்தோடு திரும்பப் போட்டு, இனிமேல் கேட்டுவிட்டு வாருங்கள் என்கிறாள். அவனும் கேட்டுவிட்டு வருகிறான்.

உண்மையில் அவளும் அதைத்தான் சொன்னாளாம். கேட்டுவிட்டு வாங்க என்று. அவன் சொன்ன பதில்: "என்ட கம்பியூட்டருக்கு நான் ஆருட்ட கேக்கோணும்?"

ஆகவே அந்த முடிவு குப்பைக்குள்.

7

நடந்தது இது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு லீவில் வந்தான். வந்த கிழமையே கணினியை முழுதாக அழித்துப் புதிதாகப் போட்டான். அவள் செய்த அட்டைகள் எல்லாம் போயின. நிர்வாகியாகத் தன்னை வைத்து, பாஸ்வேர்டைத் தன்னிடம் வைத்துக்கொண்டான். அவளுக்கு ஒரு கணக்குத் திறந்துகொடுத்தான். அதில் பார்க்கலாம், தட்டலாம், மூடலாம். ஒன்றும் போட ஏலாது. என்ன வேண்டும் என்று சொன்னால் போட்டுத் தருவதாகச் சொன்னான். தெரியாமல் கை வைத்தால் பழுதாகிவிடும் என்றான். வரையும் புரோகிராமைக் கேட்டாள். பிறகு பார்ப்போம் என்றான். போகும் நாள்வரை பிறகாகவே இருந்தது.

அவன் போன பின் அவள் மென்பொருள் நிலையத்தைத் திறந்தாள். பழையபடி பட்டியல் வந்தது, படங்கள் வந்தன. தன் புரோகிராமைக் கண்டுபிடித்து அமத்தினாள். பாஸ்வேர்ட் பெட்டி வந்தது. முதலில் தன் பெயரைத் தட்டிப் பார்த்தாள். பிறகு நிக்காஹ் நடந்த திகதி. பிறகு மாமியின் பெயர், மன்னாரில் அவர்களுடைய ஊர். ஒன்றும் திறக்கவில்லை.

"என்ட பேரா இருக்குமெண்டு தான் மிஸ் நான் முதல்ல போட்டன்" என்றாள். வேறு எதையும் அவள் இந்தக் குரலில் சொன்னதில்லை.

அடுத்த கிழமை பாலாவி பஸ்ஸில் ஏறிக் கத்தரினாவிடம் வேலைக்குப் போனாள். முஆஸுக்குச் செய்தி போனது. அவன் தலாக் சொல்லவில்லை. அவளோடு கதைப்பதை நிறுத்தினான், அவ்வளவுதான். றஹ்மத் உம்மாவின் போனுக்கு எடுப்பான். ஸும்ரா அதே வீட்டில், பக்கத்து அறையில் அவன் குரலைக் கேட்டுக்கொண்டு சோறு போட்டுச் சாப்பிடுவாள்.

8

இனி வருவதை நான் எழுத விரும்பவில்லை. எழுதினால் நீங்கள் அவளை இவ்வளவு நேரம் நேசித்தது வீணாகிவிடும்.

அச்சகத்தில் இரண்டு கணினிகள். இரண்டிலும் லினக்ஸைப் போட்டு, வேண்டிய புரோகிராம்களைத் தேடி ஏற்றி, தமிழ் எழுத்துக்களைச் சீராக்கியது ஸும்ராதான். சில மாதங்களின் பின் உடப்பிலிருந்து சுஜி என்றொரு பெண் வேலைக்கு வந்தாள். இரண்டு பிள்ளைகளின் தாய். கணவன் கடலில் போனவன் திரும்பவில்லை. ஒரு நாள் நான் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தபோது சுஜி, படத்தை வெட்டி ஒட்ட ஒரு புரோகிராம் பட்டியலில் இருக்கிறது, போடட்டா அக்கா, பாஸ்வேர்ட் என்ன என்று கேட்டாள்.

ஸும்ரா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "என்ன வேணுமெண்டு சொல்லுங்க, நான் போட்டுத் தாரன். தெரியாமக் கை வெச்சாப் பழுதாகிடும்."

சுஜி சரி அக்கா என்று போய் உட்கார்ந்தாள். பிறகு அந்தப் புரோகிராமைக் கேட்கவில்லை.

நான் ஸும்ராவைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். தான் சொன்னது அவளுக்குக் கேட்டதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டிருந்தால் அதைத் திருத்தியிருப்பாள் என்று எழுதலாம். அவள் திருத்தவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை, புத்தகம் அந்த மாதமே வெளிவர வேண்டியிருந்தது.

9

முஆஸின் ஒப்பந்தம் முடிகிறது. ஒரேயடியாக வருகிறான். றஹ்மத் உம்மா அறைக்கு வெள்ளை அடிப்பித்திருக்கிறார். ஸும்ரா அதைச் சொல்லிவிட்டு, என் புத்தகத்தின் அட்டைப்படத்துக்கு எந்த நீலம் என்று என்னிடம் கேட்டாள். நான் ஒரு நீலத்தைக் காட்டினேன்.

இது உங்கள் கைக்கு வரும்போது அவன் வந்திருப்பான். வந்து என்ன நடந்தது என்று நான் விசாரிக்கப்போவதில்லை. வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவளை மன்னிக்க வைத்தும் அவனை அழ வைத்தும் நான் எழுதிப் பார்த்துவிட்டேன். இரண்டும் அழகாக வந்தன. இரண்டும் பொய்.