லிண்டன்பெக்கில் துப்பாக்கிகள் கனத்த வருடம்

மிதுஷாவை அடக்கம் செய்த வாரத்தில் லிண்டன்பெக் ஊரிலிருந்த துப்பாக்கிகள் எடை கூடத் தொடங்கின. முதலில் அதைக் கவனித்தவர் பன்றி வேட்டைக்குப் போகும் பல் மருத்துவர். தோளில் துப்பாக்கியோடு வாசற்படி தாண்ட முடியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். முதுகுப் பிடிப்பு என்று நினைத்து இரண்டு நாள் ஒத்தடம் கொடுத்துப் பார்த்தார். பிறகு குறிசுடும் சங்கத்து ஆட்களின் வீடுகளில் தரை முனகியது. சட்டப்படி எல்லோரும் துப்பாக்கியை இரும்புப் பெட்டகத்தில் பூட்டித்தான் வைத்திருந்தார்கள். அந்தப் பெட்டகங்கள் பலகைத் தரையை நெரித்துக்கொண்டு இறங்கின. பழைய அடுக்குமாடி ஒன்றில் மூன்றாம் மாடிப் பெட்டகம் இரண்டாம் மாடிக் குளியலறைக்குள் வந்து நின்றது. அங்கே குடியிருந்த மூதாட்டி அதன்மேல் துவாய்களை மடித்து வைத்துக்கொண்டார். காப்புறுதிக்காரர்கள் வெள்ளமா, நிலநடுக்கமா என்று கேட்டார்கள். இரண்டுமில்லை என்றதும் கையை விரித்தார்கள்.

லிண்டன்பெக் ஹம் நகரிலிருந்து கால்வாயோரமாகப் போனால் வரும் சிறிய ஊர். அந்த இலையுதிர்காலத்தில், சனிக்கிழமைச் சந்தை கூடியிருந்த சதுக்கத்தில், சங்கத் தலைவர் ப்ரூக்மனின் பேரன், பொருளாளராயிருந்த தன் தகப்பனின் துப்பாக்கியால் ஏழு பேரைச் சுட்டுக் கொன்றான். தகப்பன் குளித்துக்கொண்டிருந்த நேரம் பெட்டகச் சாவி மேசையில் கிடந்திருக்கிறது. ஏழாவது ஆள் மிதுஷா. மூக்குக்கண்ணாடிக் கடையில் தொழில் பழகிக்கொண்டிருந்தவள். இடைவேளைக்கு வெயிலில் நின்று அப்பிள் தின்றுகொண்டிருந்தாள். ஏன் சுட்டாய் என்ற கேள்விக்கு அந்தப் பையன் இன்றுவரை பதில் சொல்லவில்லை.

சதுக்கம் மெழுகுதிரிகளாலும் கரடிப் பொம்மைகளாலும் நிரம்பியது. அமைச்சர்கள் வந்து பூவளையம் வைத்தார்கள். வீடுகளில் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடை செய்யக் கேட்டுக் கையெழுத்துச் சேர்த்தார்கள். சட்டத்துக்கு அடங்கி நடக்கிறவர்களை ஏன் தண்டிக்கிறீர்கள் என்று சங்கத்துக்காரர்கள் கேட்டார்கள். வெதுப்பகத்து வரிசைகூட இரண்டாகப் பிரிந்தது. கையெழுத்து வைத்தவர்கள் இடப்பக்கம் நின்றார்கள், வைக்காதவர்கள் வலப்பக்கம் நின்றார்கள். பாணின் விலை இரு பக்கமும் ஒன்றுதான்.

சோதிலிங்கம் வலப்பக்கம் நின்றார். எண்பதுகளில் அகதியாக வந்து, கேபிள் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் வரை உயர்ந்தவர். இத்தனை காலத்தில் அந்த ஊரில் அவருக்கென்று முதலில் திறந்த கதவு சங்கத்தின் கதவுதான். தலைவர் ப்ரூக்மன் ஒரு கோடையில் பியர் குடிக்கக் கூப்பிட்டார், சோதிலிங்கம் போனார், குறி தப்பாத கண் தனக்கு இருப்பதை அங்கேதான் அறிந்தார். "துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள், இஞ்ச வந்து நீங்கள் துவக்கைத் தேடிப் போறியள்" என்று மனைவி பாலாம்பிகை சொன்னாள். அவளுடைய தமையன் ஊரில் றோட்டிலே சுடப்பட்டவன். "இது விளையாட்டுத் துவக்கு" என்றார் சோதிலிங்கம். நான்கு வருடங்களுக்கு முன் திருவிழாவில், கம்பத்து உச்சியிலிருந்த மரக்கழுகின் கடைசித் துண்டை அவர்தான் சுட்டு வீழ்த்தினார். வழக்கப்படி அந்த வருடத்துக்கு அவரே சங்கத்தின் ராஜா. வெள்ளிச் சங்கிலி போட்டு, பாண்ட் வாத்தியத்தோடு அழைத்துப் போனார்கள். அதன்பிறகு கடையில் முன்பின் தெரியாதவர்கள்கூடப் பெயர் சொல்லி வணக்கம் சொன்னார்கள். ஒரு மனுஷனுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

மிதுஷாவின் அடக்கத்துக்கு அவர் தேவாலய வாசல்வரை போய்த் திரும்பிவிட்டார். அடுத்த வாரம் நகர மண்டபத்தில் கூட்டம் நடந்தது. சங்கத்தின் சார்பில் பேச ஆளில்லாமல் ப்ரூக்மன் தவித்துக்கொண்டிருந்தபோது சோதிலிங்கம் எழுந்தார். குற்றம் துப்பாக்கியில் இல்லை, மனுஷனில்தான், போரை என் கண்ணால் கண்டவன், எனக்குத் தெரியும் என்று தெளிவான ஜேர்மன் மொழியில் சொன்னார். பாதி மண்டபம் கைதட்டியது. உட்காரும்போதுதான் மிதுஷாவின் தாய் ஜசிந்தாவைக் கண்டார். குளிர்ச்சட்டையைக்கூடக் கழற்றாமல், கைப்பையை மடியில் வைத்து, நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். கைதட்டல் ஓயவில்லை. அது சீக்கிரம் ஓயவேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டார்.

மறுநாள் அவர் வீட்டு விறாந்தையில் பெட்டகம் முழங்காலளவு புதைந்திருந்தது. தொழிற்சாலையிலிருந்து சங்கிலிக் கப்பி கொண்டுவந்து தூக்கிப் பார்த்தார், சங்கிலி அறுந்தது. தீயணைப்புப் படையினர் வந்து பார்த்து, ஊரில் இது முப்பதாவது வீடு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எடை நிபுணர் ஒருவர் கருவியோடு வந்தார். கருவி நசுங்கியது. பாலாம்பிகை ஒன்றும் சொல்லாமல் பெட்டகத்தைச் சுற்றிக் கூட்டித் துடைத்தாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும்.

முப்பத்தோராம் நாளுக்குச் சொல்ல ஜசிந்தாதான் வந்தாள். அவள் கணவன் ஸ்ரனிஸ்லாஸ் காரிலேயே இருந்துவிட்டான்.

"பூசை வைச்சிருக்கிறம் அண்ணை. நீங்களும் அக்காவும் வரவேணும்."

"கட்டாயம் வருவம். இருங்கோ" என்று பாலாம்பிகை தேநீர் வைக்கப் போனாள்.

ஜசிந்தா பெட்டகத்தைப் பார்த்தாள். "இதுக்குள்ளயோ வைச்சிருக்கிறியள்?"

"ஓம். அசைக்க ஏலாமக் கிடக்குது."

"திறவுங்கோ, பாப்பம்."

திறந்தார். அவள் குனிந்து, மூலையில் சாத்தியிருந்த குடையை எடுப்பதுபோல ஒரு கையால் துப்பாக்கியை எடுத்தாள். பாரம் விட்ட தரை சடாரென்று நிமிர்ந்தது. அவர் தன்னையறியாமல் கை நீட்டினார், அவளும் கொடுத்தாள், அது அவரை முழங்காலில் விழுத்தியது. விரல்கள் நசியுமுன் அவள் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"எனக்குப் பாரமாத் தெரியேல்லை" என்றாள்.

சோதிலிங்கம் தரையிலிருந்தபடியே, "அண்டைக்கு மண்டபத்தில நான் கதைச்சது..." என்று தொடங்கினார்.

"கேட்டனான். உங்கட ஜேர்மன் நல்லா இருந்தது அண்ணை. மிதுஷாவும் அப்பிடித்தான் திருத்தமாக் கதைப்பாள்." அவள் குரல் உயரவில்லை. "உங்களுக்கு வேணுமெண்டால் இதை வைச்சிட்டுப் போறன். வேண்டாமெண்டால் கொண்டு போறன். நீங்கள்தான் சொல்ல வேணும்."

அவருக்கு வெள்ளிச் சங்கிலி நினைவுக்கு வந்தது. கடையில் பெயர் சொல்லி அழைத்த குரல்கள் நினைவுக்கு வந்தன. அந்தக் குரல்களை இழந்தால் இந்த ஊரில் தான் யார் என்று யோசித்தார். சமையலறை வாசலில் பாலாம்பிகை தேநீர்த் தட்டோடு அசையாமல் நின்றாள்.

"கொண்டு போங்கோ, தங்கச்சி" என்றார்.

பொலிஸ் நிலையத்துத் தரை தாங்காது என்பதால், ஒப்படைத்த துப்பாக்கிகளை வைக்கக் கால்வாயோரம் கிடந்த பழைய நிலக்கரி முற்றத்தை நகரசபை ஒதுக்கிக் கொடுத்தது. இறந்த ஏழு பேரின் வீட்டாருக்கும் அந்தப் பாரம் தெரியவில்லை என்பது சில நாட்களில் தெரிந்தது. வெதுப்பகக்காரர், சதுக்கத்தில் தன் மனைவியின் உயிரைப் பறித்த அதே ரகத் துப்பாக்கியை இரண்டு விரலால் தூக்கினார். எடுத்துப்போகச் சொல்லிக் கூப்பிட்ட வீடுகளுக்கு மட்டும்தான் அவர்கள் போனார்கள். சோதிலிங்கம் சனிக்கிழமைகளில் கூடப் போய்க் கம்பளம் சுருட்டி, தளபாடம் நகர்த்தி, கதவுகளைப் பிடித்துக்கொண்டு நின்றார். சங்கத்தில் அவரோடு பேசுவதை நிறுத்தினார்கள். கடையில் பெயர் சொல்லுகிறவர்கள் குறைந்தார்கள். அது அவருக்கு வலித்தது. அதை அவர் மறைக்கவில்லை. சிலர் கடைசிவரை கூப்பிடவில்லை. நிலவறையில் கொங்கிறீட் தூண் எழுப்பிப் பெட்டகத்தைத் தாங்கினார்கள். அதற்கென்றே ஊரில் ஒரு கட்டிட நிறுவனம் உருவாகி நன்றாக நடக்கிறது. பெர்லினில் நீண்ட விவாதத்துக்குப் பிறகு சட்டத்தில் இரண்டு பந்திகளைத் திருத்தினார்கள். ஜசிந்தா அதை வாசித்துவிட்டு, "இதுக்கோ இவ்வளவு நாள்" என்று மட்டும் கேட்டாள்.

மூன்றாம் வருடம் ப்ரூக்மன் தானே தொலைபேசி எடுத்தார். மூன்று தலைமுறைத் துப்பாக்கிகள். வீடு ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டிருந்தது. ஜசிந்தா ஐந்து நடை நடந்தாள். கிழவர் படியில் உட்கார்ந்து அழுதார். சுட்ட பேரனை நினைத்தா, துப்பாக்கிகளுக்காகவா என்று யாரும் கேட்கவில்லை. சோதிலிங்கம் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

நிலக்கரி முற்றம் அதற்குள் தாழ்ந்துகொண்டே போயிருந்தது. துப்பாக்கிகள் மண்ணுக்குள் இறங்க இறங்கக் கீழிருந்து நீர் ஊறியது. இரண்டு மாரிக்குப் பின் அங்கே ஒரு குளம் இருந்தது. நகரசபை அதை வரைபடத்தில் நீலமாகக் குறித்து, கரையில் உட்கார வாங்குகள் போட்டது. ஆழம் பார்க்கப் போனவர்கள் கயிறு போதாமல் திரும்பினார்கள். ஆகவே ஆழம் எழுதவேண்டிய இடத்தை வெறுமையாக விட்டார்கள். தண்ணீர் நல்ல தண்ணீர். கோடையில் பிள்ளைகள் நீந்துகிறார்கள், வாத்துகள் வருகின்றன, குளத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.