மடித்துத் தைத்த இரண்டு அங்குலம்

அளவைப் பற்றி என்னிடம் யாரும் பேசக் கூடாது. பேசினால் எனக்குக் கோபம் வரும். பதினாறு வருஷமாகக் கழுத்தில் டேப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிறவள் நான். ஆள் கடைக்குள் நுழையும்போதே இடது தோள் இறங்கியிருக்கிறதா, வயிறு போன மாசத்தைவிட முன்னால் வந்திருக்கிறதா என்று கண்ணாலேயே சொல்லிவிடுவேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் அவர்களிடமே சொல்லியும் விடுவேன். அதனால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனவர்களும் உண்டு. வேறு எங்கோ தைத்துக் கெடுத்துக்கொண்டு அடுத்த மாசமே திரும்பி வந்தவர்களும் உண்டு.

அப்பேர்ப்பட்ட நான்தான் என் மகளுக்கு ஒரு சைக்கிள் வாங்கப் போய் மூக்குடைபட்டேன்.

மகளுக்கு ஐந்தரை வயது. வீட்டில் அவளைப் பட்டன் என்றுதான் கூப்பிடுவோம். அவள் அப்பா வைத்த பேர். அவர் லிப்ட் மெக்கானிக். "டெய்லர் வீட்டுக்காரன்னு பேருதான். என் சட்டையில என்னிக்காவது எல்லா பட்டனும் இருந்திருக்கா? அதான் பொண்ணையாவது பட்டன்னு கூப்பிட்டு மனசை ஆத்திக்கறேன்" என்பார். சொல்லட்டும். ஊர்த்துணியைத் தைத்து முடிப்பதற்குள் எனக்கு இடுப்பு விட்டுப்போகிறது.

பட்டனுடைய பள்ளிக்கூடத்தில் பெடல் இல்லாத சின்ன சைக்கிள்கள் இருந்தன. காலால் தரையை உந்தி உந்திப் போக வேண்டும். இவள் நாலு உந்து உந்திவிட்டு, இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு மைதானத்தின் அந்தக் கோடி வரைக்கும் போய்விடுவாளாம். ஒரு நாள் நான் அழைத்துவரப் போனபோது டீச்சர் என்னை நிறுத்தினார். "இவளுக்கு பேலன்ஸ் நல்லா வந்துடுச்சு. இனிமே பெடல் வெச்சதே வாங்கிக் குடுக்கலாம்" என்றார். என் மகளைப் பற்றி யாராவது நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் எனக்குக் கால் தரையில் நிற்காது. அந்த வாரமே சைக்கிள் கடைக்குக் கிளம்பிவிட்டேன்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். பட்டனுக்கு நான் தைக்கிற எதுவும் அவளுக்குச் சரியாக இருக்காது. தெரியாமல் இல்லை, வேண்டுமென்றேதான் அப்படித் தைப்பேன். பேன்ட் என்றால் காலில் இரண்டு அங்குலம் கூட வெட்டி உள்ளே மடித்துவிடுவேன். இடுப்பில் ஒரு மடிப்பு, தோளில் ஒரு மடிப்பு. வளர வளரப் பிரித்துவிட்டால் போதும். சின்ன வயசில் நான் முழங்காலுக்கு மேலே ஏறிப்போன பாவாடையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருக்கிறேன். பின்பெஞ்சில் சிரிப்பார்கள். என் வயிற்றில் பிறந்தது ஒரு நாளும் குட்டையான துணியில் நிற்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தவள் நான். அதில் எனக்குப் பெருமைதான்.

சைக்கிள் கடைக்காரர் என்னைவிட வயதில் சின்னவர். கையெல்லாம் கிரீஸ். யாரிடமும் குரலை உயர்த்தாத ஆள், எனக்கு நேர்மாறு.

"குழந்தையக் கூட்டிட்டு வரலையாக்கா?"

"அவளுக்குத் தெரியாம வாங்கிட்டுப் போறேன் தம்பி. அளவெல்லாம் எனக்குத் தெரியும்."

"நல்லதாப் போச்சு. எல்லாரும் வயசைத்தான் சொல்லுவாங்க. வயசை வெச்சு சைக்கிள் குடுக்க முடியாது. உள்கால் எவ்வளவு, கவட்டிலேர்ந்து தரை வரைக்கும்?"

"இருபது இன்ச்." அளவு நோட்டைப் பார்க்க வேண்டிய அவசியமே எனக்கு இல்லை.

அவர் கொஞ்சம் யோசித்தார். "இது வெறும் காலாக்கா, பேன்ட்டா?"

எனக்குச் சுருக்கென்றது. "நீங்க செயினுக்கு எண்ணெய் போடறப்ப, இவ்வளவு போதுமான்னு நான் வந்து கேட்டேனா தம்பி?"

அவர் சிரித்துக்கொண்டே பதினாறு அங்குலச் சக்கரம் வைத்த ஒன்றை எடுத்து வந்தார். "இதுல சீட்டைக் கடைசி வரைக்கும் இறக்கினா பத்தொன்பதரை. முதல் பெடல் சைக்கிளுக்கு ரெண்டு பாதமும் முழுசா தரையில பதியணும். அதுதான் கணக்கு."

"இது ஒரே வருஷத்துல சின்னதாயிடுமே. இதுக்கு அடுத்ததைக் காட்டுங்க."

"அடுத்தது பதினெட்டு. அதுல சீட்டே இருபத்தொன்னரை வந்துடும்."

"ஒன்றரை இன்ச்தானே கூட. வளர்ற பிள்ளை."

"சரிக்கா, வளர்ற வரைக்கும் எப்படி ஓட்டுவா?"

பதில் தெரியாதபோது நான் வேறொரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவேன். அது என் சுபாவம். இந்த மணி ஏன் இப்படிக் கீச்சென்று கத்துகிறது என்று கேட்டேன். அவர் மணியை மாற்றிக் கொடுத்தார். "சரிப்படலைன்னா கொண்டாங்க, பார்த்துக்கலாம்" என்று மட்டும் சொன்னார். பதினெட்டையே வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், எங்கள் குடியிருப்பின் கீழே வண்டிகள் நிறுத்துகிற இடத்தில் அதைக் கொண்டுபோய் நிறுத்தினோம். பட்டன் மூச்சே விடாமல் பார்த்தாள். ஹாண்டிலைத் தொட்டாள், மணியை ஒரு தடவை அடித்தாள். அவள் அப்பா அவளைத் தூக்கி உட்கார வைத்தார். கால் இரண்டும் அந்தரத்தில் தொங்கின. அப்பா பிடித்திருந்த வரைக்கும் ஓட்டினாள். கையை விட்டதும் எட்டு கஜ தூரம் போனாள். நிறுத்தத் தெரியவில்லை. காலை ஊன்றப் பார்த்தாள், தரை கிடைக்கவில்லை. சைக்கிளோடு பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தாள்.

முழங்கால் உரிந்திருந்தது. அழவில்லை. எழுந்து என் முகத்தைப் பார்த்தாள். "நல்லா இருக்கும்மா. பெருசா, ரொம்ப நல்லா இருக்கு" என்றாள்.

"கால் எட்டலையே" என்றார் அவர்.

"எட்டும். நீங்க சும்மா இருங்க."

"ஏய் பட்டன், ஒரு லிப்ட் ரெண்டு அடி மேலயே நின்னுபோச்சுன்னா அப்பா ஓடிப்போய் இறக்கி விடணும். உங்கம்மாகிட்ட கேட்டா லிப்டை அப்படியே விடு, ஆளுங்க வளரட்டும்னு சொல்லுவா."

பட்டன் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. தேங்காய் எண்ணெயை எடுத்து வந்து அவள் முழங்காலில் தடவிவிட்டு, "விழாம யாரும் கத்துக்கல" என்றேன்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் அவள் அந்த சைக்கிளில் ஏறவில்லை. சாயங்காலம் ஆனால் கீழே போவாள். ஹாண்டிலைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே கார்களுக்கு நடுவில் நடந்து ஒரு சுற்றுச் சுற்றுவாள். மணி அடிப்பாள். திரும்பக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, ஒரு துணியால் துடைத்துவிட்டு மேலே வருவாள். ஜன்னலிலிருந்து அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆசை ஆசையாக வாங்கிக் கொடுத்தால் இப்படியா என்று.

பள்ளிக்கூடத்தில் டீச்சர் இன்னொன்றைச் சொன்னார். அங்கே இருக்கிற பெடல் இல்லாத சைக்கிளையும் இவள் இப்போது தொடுவதில்லையாம். கூப்பிட்டால், "அது சின்னப் பசங்களுக்கு" என்று சொல்லிவிட்டு ஓரமாகப் போய் நிற்கிறாளாம். மைதானத்தின் அந்தக் கோடி வரைக்கும் காலைத் தூக்கிக்கொண்டு போனவள் இப்போது எதையுமே ஓட்டுவதில்லை. எனக்குக் கவலை வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும்.

அன்றைக்குப் பள்ளி விட்டு அவளை நேராகக் கடைக்குக் கூட்டி வந்தேன். ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தால், தைத்து முடித்த துணிகளை மாட்டுகிற இரும்புக் குழாயில் இவள் தொங்கிக்கொண்டிருக்கிறாள். ஸ்டூலைப் போட்டு ஏறியிருக்கிறாள். கண்ணை மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு தொங்குகிறாள்.

"என்னடி பண்றே? குழாய் பிடுங்கிட்டு வந்துடும். இறங்கு."

"இப்படித் தொங்கினா வளரலாமாம். எங்க கிளாஸ்ல சொன்னாங்க."

"இப்ப நீ வளர்ந்து என்ன ஆகணும்? வாங்கிக் குடுத்த சைக்கிள ஓட்டறதுக்கு வழியைக் காணோம். அழகுக்கா வாங்கினேன் அதை?"

அவள் ஸ்டூலில் இறங்கி நின்றாள். உள்ளங்கை இரண்டும் சிவந்திருந்தன.

"சைக்கிள் நல்லாத்தாம்மா இருக்கு. நான்தான் இன்னும் அதுக்கு வரல" என்றாள். "ஷூன்னா முன்னாடி பஞ்சு வெச்சிடறோம். பேன்ட்டுன்னா மடிச்சிடறே. சைக்கிளுக்கு எங்கம்மா பஞ்சு வெக்கறது?"

கத்திரிக்கோலைக் கீழே வைத்தேன்.

"கொஞ்ச நாள் பொறுத்துக்கோம்மா. சீக்கிரம் வளர்ந்துடறேன். கோபப்படாதே."

பொட்டில் அடித்த மாதிரி இருந்தது எனக்கு. அவள் சைக்கிளைக் குறை சொல்லவில்லை, என்னையும் சொல்லவில்லை. குறை தன்னிடம்தான் என்று முடிவு செய்துவிட்டாள். தன் சைக்கிளுக்கு, தன் பேன்ட்டுக்கு, தன் ஷூவுக்குத் தான் போதவில்லை என்று. ஐந்தரை வயசில் இதைச் சொல்லிக் கொடுத்தது யார்? வேறு யார், நான்தான்.

அளவு நோட்டை எடுத்துப் புரட்டினேன். என் நோட்டில் ஒவ்வொரு ஆளுக்கும் இரண்டு வரிசை இருக்கும். முதல் வரிசையில் உடம்பு அளவு, இரண்டாவதில் வெட்டு அளவு. ஊரில் முக்கால்வாசிப் பேருடைய இடுப்பும் தொடையும் அதில் இருக்கின்றன. பட்டனுடைய பக்கத்தில் முதல் வரிசை காலியாகக் கிடந்தது. மூன்று வருஷமாக ஒரே ஒரு வரிசைதான். போன தடவை வெட்டியதோடு அரை அங்குலம், அதற்கடுத்த தடவை இன்னும் அரை அங்குலம் என்று கூட்டிக் கூட்டிப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன். கடைசியில் எழுதியிருந்தது இருபது. என் மகளின் உடம்பில் டேப்பை வைத்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. வெட்கமாகப் போய்விட்டது எனக்கு.

"இங்க வா. செருப்பைக் கழட்டு. சுவத்துல முதுகை ஒட்டி நில்லு."

நின்றாள். ஒரு அட்டைப் புத்தகத்தைக் கால்களுக்கு நடுவில் வைத்து மேலே தள்ளி, அது நின்ற இடத்திலிருந்து தரைக்கு டேப்பை விட்டேன். பத்தொன்பதரை காட்டியது. குனிந்து பார்த்தால் குதிகால் இரண்டும் தரையில் இல்லை. விரல் நுனியில் நிற்கிறாள் கள்ளி. கெண்டைக்கால் வெடவெடவென்று நடுங்குகிறது.

"குதிகாலைக் கீழ வை."

"வெச்சுத்தான் இருக்கேன்."

"பட்டன்."

"சின்னதா வந்தா சைக்கிளைத் திருப்பிக் குடுத்துடுவியா?"

நான் தரையில் உட்கார்ந்தேன். அவளுடைய இரண்டு பாதத்தையும் கையால் பிடித்து மெதுவாகத் தரையில் அழுத்தினேன். "நீ ஒண்ணும் குறைஞ்சு போகலடி. அம்மாதான் கூடப் போட்டுட்டேன். எல்லாத்துலயும் கூடப் போட்டுட்டேன்" என்றேன். அவளுக்கு அது எவ்வளவு புரிந்ததோ தெரியாது. குதிகாலை மட்டும் இறக்கினாள். பதினெட்டு. காலியாகக் கிடந்த வரிசையில் அதை எழுதினேன்.

அப்போதே கடையைச் சாத்திவிட்டு, வீட்டுக்குப் போய் சைக்கிளை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் நடந்தோம். வழியெல்லாம் எனக்கு ஒரே ரோஷம். அந்தத் தம்பி முகத்தில் எப்படி விழிப்பது, ஏதாவது ஒரு காரணம் சொல்லிச் சமாளித்துவிடலாமா என்றெல்லாம் புத்தி போனது. பிரேக் சரியில்லை என்று சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். அப்புறம் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு வருகிறவளைப் பார்த்தேன். இவள் இரண்டு வாரம் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு தள்ளிக்கொண்டு நடந்திருக்கிறாள். எனக்கென்ன கேடு.

"தம்பி, அன்னிக்கு ஒண்ணு கேட்டீங்களே, காலா பேன்ட்டான்னு" என்றேன். "பேன்ட்டு. கால் பதினெட்டு. வெறுங்கால்ல வெச்சு எடுத்தது."

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. சைக்கிளை வாங்கி, அவள் விழுந்தபோது பட்ட கீறலைத் தடவிப் பார்த்தார், "தேய்ச்சா போயிடும்" என்று ஓரமாக நிறுத்தினார். பதினாலு அங்குலச் சக்கரம் வைத்த ஒன்றை உருட்டி வந்து, சீட்டைக் கடைசி வரைக்கும் இறக்கினார். "உட்காரு பாப்பா."

பட்டன் உட்கார்ந்தாள். இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிந்தன. அவள் நம்பாமல் ஒரு பக்கம் குனிந்து பார்த்தாள், மறுபக்கமும் குனிந்து பார்த்தாள். உட்கார்ந்தபடியே முன்னால் இரண்டு அடி, பின்னால் இரண்டு அடி நடந்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

"சரியா ஒரு வருஷம் வரும்க்கா" என்றார் அவர் என்னிடம். "அப்புறம் சின்னதாயிடும். பின்னாடி என்னைத் திட்டக் கூடாது."

பட்டன் சைக்கிளை விட்டு இறங்கினாள். ஸ்டாண்டைக் காலால் தள்ளி அதைப் பத்திரமாக நிறுத்தினாள். என் பக்கத்தில் வந்து, கடைக்காரருக்குக் கேட்கக் கூடாது என்று என் புடவையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். நான் குனிந்தேன்.

"நான் வளர மாட்டேம்மா" என்றாள் என் காதில். "அப்படியே இருந்துக்கறேன். வேஸ்ட் பண்ண மாட்டேன்."

அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"நீ பாட்டுக்கு வளருடி. நாளைக்கே வளர்ந்தாலும் வளரு. சைக்கிள் பத்தலைன்னா அது சைக்கிளோட குறை. உன் குறை இல்ல."

"நிஜமாவா?"

"நிஜமா."

கொஞ்ச நேரம் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் ஏதாவது மடித்து வைத்துப் பேசுகிறேனா என்று பார்க்கிற மாதிரி. பிறகு திரும்பிப் போய் ஏறி உட்கார்ந்தாள். கடை வாசலிலிருந்து நடைபாதையில் இறங்கி, தரையைக் காலால் இரண்டு தடவை உந்தினாள். மூன்றாவது தடவைக்குக் கால் தரைக்கு வரவில்லை, பெடலுக்குப் போய்விட்டது. "அக்கா, பின்னாடி ஓடுங்க" என்றார் கடைக்காரர். நான் ஓடினேன்.