தங்கையாவின் பாரத்தில் நீலாவதியின் கட்டம்

1.

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதை நான் ஒட்டுக்கேட்டது. தாப்பாவிலிருந்து மலையேறும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். "வரி பாரத்துல கட்டம் நெசமாவே இருந்துச்சாம். இருந்தும் அவ நம்பலையே!" என்றாள் ஒருத்தி. பாரம் என்றால் இங்கே படிவம். வழியில் ரிங்லெட்டில் இருவரும் இறங்கிவிட்டார்கள். மீதியை நான்தான் இட்டுக்கட்டுகிறேன். அதனால் என்னையும் கொஞ்சம் சந்தேகத்தோடே படியுங்கள்.

2.

மலையில் பனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு காலை, நீலாவதி—

வேண்டாம். இந்த ஊரைப் பற்றி எழுதுகிற எல்லோரும் பனியில்தான் ஆரம்பிக்கிறார்கள். அடித்துவிட்டேன்.

வருஷம் 1979. தேயிலைத் தொழிற்சாலையில் தங்கையா கிராணி, அதாவது குமாஸ்தா. அவர் மனைவி நீலாவதி, பினாங்கு மொத்தக் கடை ஒன்றின் படப்புத்தகத்தைப் பார்த்துத் தபாலில் சேலையும் கம்பளிச் சட்டையும் வரவழைத்து, தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் நாலு தவணைக்கு விற்கிறாள். ஐந்து வருஷ லாபத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்திருக்கிறாள். அது பிரிஞ்சாங் ஊரில் ஒரு கடை எடுக்க முன்பணம். எவ்வளவு சேர்ந்தது என்று தங்கையாவுக்குத் தெரியாது. தெரிந்தால் அது அவருடைய தம்பி மாடசாமி வாங்கப்போகும் லோரிக்குப் போய்விடும். அவள் நகைகள் ஏற்கெனவே அந்தத் தம்பிக்காக அடகுக் கடைக்குப் போய் மூழ்கியவைதான்.

3.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தங்கையா வருமான வரி பாரத்தை மேசையில் விரித்தார்.

"நீலா, உன் வியாபாரத்துல போன வருஷம் எவ்ளோ நின்னுச்சு? சொல்லு, எழுதணும்."

"உங்க பாரத்துல என் கணக்கு எதுக்கு?"

"சம்சாரத்தோட வருமானத்தையும் புருஷன் பாரத்துலதான் எழுதணும். சட்டம்லா."

"இத்தன வருஷமா இந்தச் சட்டம் எங்க போயிருந்துச்சு?"

"ஒண்ணுமில்லன்னு எழுதிட்டு வந்தேன். இப்ப யாரோ உன் வியாபாரத்தப் பத்தி மொட்டைக் கடுதாசி போட்டுட்டாங்கன்னு பேசிக்கிறாங்க. மறைச்சா அபராதம். கையெழுத்து என்னோடது, மாட்டுறது நான்."

நீலாவதிக்கு மலாய் பேச வரும், படிக்க வராது. அவர் விரல் வைத்துக் காட்டிய கட்டம் எதுவாகவும் இருக்கலாம். போன வாரம்தான் மாடசாமி வந்து உட்கார்ந்து, லோரிக்கு முன்பணம் குறைகிறது என்று புலம்பிவிட்டுப் போனான். இந்த வாரம் அரசாங்கத்துக்கும் அவள் கணக்கு வேண்டுமாம்.

(இங்கே ஒரு குறிப்பு. மொட்டைக் கடிதத்தை மாடசாமியே எழுதினான் என்று வைத்தால் கதை சூடுபிடிக்கும். ஆனால் அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று நேற்றே தீர்மானித்துத் தொலைத்துவிட்டேன். கடிதம் என்று ஒன்று இல்லாமலும் இருக்கலாம்.)

4.

மறுநாள் தங்கையா வேலைக்குப் போனதும், நீலாவதி பாரத்தை மடித்து எடுத்துக்கொண்டு தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே தாதியாக இருக்கும் ருக்குமணி அவளிடம் சேலை வாங்குகிறவள், மலாய் படிக்கத் தெரிந்தவள்.

"கட்டம் இருக்குக்கா," என்றாள் ருக்குமணி. "மனைவியோட வருமானம்னுதான் போட்டிருக்கு. அண்ணன் பொய் சொல்லல."

நீலாவதிக்கு நிம்மதியாக இருந்த—

இல்லை, இருக்கவில்லை. கட்டம் உண்மை, சரி. கேட்டவரின் எண்ணமும் உண்மையா? சட்டம் அவருக்கு இவ்வளவு வசதியாக வந்து வாய்த்தது அவளை இன்னும் பயமுறுத்தியது. 'அண்ணன்' என்று சொன்ன ருக்குமணியைக்கூட, இவளும் அவர் ஆளோ என்று ஒரு மாதிரி பார்த்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

பதினெட்டு வருஷம் கூட வாழ்ந்த மனிதரை இப்படியா பார்ப்பது என்று எனக்கும் அவள் மேல் கோபம் வருகிறது. அந்த நகைகளை நினைத்தால் கோபம் நிற்பதில்லை. பாவம், வேறு எப்படிப் பார்ப்பாள்?

5.

முடிவு ஒன்று: குறைத்துச் சொல்கிறாள். வரி அதிகாரி வந்து லயத்தில் நாலு வீட்டில் விசாரித்தால் பொய் வெளிப்பட்டுக் கணவனுக்கு வேலையே போய்விடும். அவ்வளவு கெட்டவள் இல்லை அவள். கைவிடுகிறேன்.

முடிவு இரண்டு: முழுத் தொகையையும் சொல்கிறாள். அடுத்த பத்தியில் லோரி வந்து நிற்கிறது. எழுத எனக்குக் கை வரவில்லை.

மூன்றாவதை நான் யோசிக்கவே இல்லை. சாயங்காலம் வீடு திரும்பிய தங்கையாவின் முன் அவளே பாரத்தைக் கொண்டுவந்து வைத்தாள்.

"மத்ததெல்லாம் நீங்க எழுதுங்க. என் கட்டத்த வெறுமனே விட்டுட்டுக் கையெழுத்து போடுங்க. தொகைய நான் எழுதி, உறைய ஒட்டி, நானே தபால்ல போடுறேன். ஒரு காசு குறைக்க மாட்டேன். என் வரிய நானே கட்டுறேன்."

வரிக் கடிதம் அவர் பெயருக்குத்தான் வரும், தொகையும் அதில் தெரிந்துவிடும், உண்மை. வருவதற்கு மாதங்கள் ஆகும். அதற்குள் கடை அவள் பெயரில் இருக்கும்.

"தொகை தெரியாம எப்படி கையெழுத்து போடுறது? நீ தப்பா எழுதிட்டா?"

"அப்ப என்னை நம்ப மாட்டீங்க."

"நீ மட்டும் என்னை நம்புறியா?"

நீலாவதி பேனாவை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

6.

தங்கையா கையெழுத்துப் போட்டாரா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். நான் இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் அவர் முதலில் அந்த வெறும் கட்டத்தைத்தான் பார்த்தார்.

தொகையை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். அவளை உண்டாக்கியவன் என்ற உரிமையில் ஒருமுறை மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். பாரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தங்கையாவைப் பார்த்த அதே பார்வையோடு என்னைப் பார்த்தாள்.

"உங்கள யாரு அனுப்புனது?" என்றாள்.